சுழற்கிண்ணமும் எட்டுப் பிள்ளைகளும்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கணிதச் சோதனை நடத்திச் சுழற்கிண்ணம் வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

இதை நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் பொதுவில் போனது. முகநூலில் பகிர்ந்தார்கள், பள்ளி வாசலில் பேசினார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு கோப்பிக்கடையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். அதனால் அதற்கான மறுப்பும் பொதுவில் இருப்பதுதான் முறை. மறுப்பவன் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவன் நான்தான்.

உங்கள் நோக்கத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 2021-ல், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வை நிறுத்தினார்கள். 7ஏ, 8ஏ என்று பிள்ளைகளை மேடையேற்றி மாலை போட்டுப் பழகிய நமக்கு அதன்பிறகு கை ஒடிந்த மாதிரி இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாமே ஒரு சோதனை வைப்போம் என்று ஆரம்பித்தீர்கள். கேள்வித்தாள் தயாரித்த ஆசிரியர்கள் யாரும் ஒரு காசு வாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு மீ கோரெங் கட்டிக் கொடுத்த அம்மாக்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குறை சோதனையில் இல்லை. அது முடிந்த அன்றிரவு நான் செய்த பத்து நிமிட வேலையில்தான் இருக்கிறது.

அந்த வேலை இதுதான்: எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி, வகுத்தால் எத்தனை விழுக்காடு. பிறகு எக்செலில் பெரியதிலிருந்து சிறியது வரை என்று ஒரு சொடுக்கு. முதல் இடம், கடைசி இடம், எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படித்தான் ஓர் ஆண்டு செபராங் பிறைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி முதலிடத்துக்கு வந்தது. ஆறாம் ஆண்டில் மொத்தம் 8 பிள்ளைகள், எட்டும் தேர்ச்சி, 100 விழுக்காடு. (எந்தப் பள்ளி என்று தெரியக்கூடாது என்பதற்காக இந்த மடலில் எல்லா எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்கின் சாரம் மாறாது.) கிண்ணம் போனது, பதாகை கட்டினார்கள், தலைமையாசிரியர் கண் கலங்கினார். அடுத்த ஆண்டு அதே பள்ளியில் மறுபடியும் 8 பிள்ளைகள். தேர்ச்சி 4. ஒரே ஆண்டில் 100-லிருந்து 50. பட்டியலில் அடிப்பக்கம்.

அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மெத்தனமாகிவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. கடிதத்தோடு என் பட்டியலும் இணைப்பாகப் போனது. இரண்டு மூன்று பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். 150 பேருக்குக் குறைந்தால் அரசாங்கமே குறைந்த மாணவர் பள்ளி என்று தனிக் கணக்கில் வைக்கிற நாட்டில், அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிற பள்ளிக்கு மூன்று பிள்ளைகள் போவது சின்ன விஷயமில்லை.

இப்போது என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் 1972 முதல் இருக்கிற தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, இளம் டெக்னீஷியன் ஒருவர் ஓடி வந்தார். இயந்திரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறாராம், அதற்குப் பிறகு பத்துச் சில்லுகளைச் சோதித்ததில் ஒன்றுகூடப் பழுதில்லையாம். "தம்பி, உண்மையில் நாலில் ஒன்று பழுதாகிற இயந்திரமாக இருந்தாலும், பத்து எடுத்தால் இருபதுக்கு ஒரு தடவையாவது இப்படிச் சுத்தமாக வரும். பத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வராதே, இன்னும் இருநூறு எடு" என்று திருப்பி அனுப்பினேன். முகம் வாடிப் போனார். மறுநாள் சனிக்கிழமை இரவு, வீட்டில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, எட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளியைத் தரவரிசைப்படுத்தி உங்களுக்கு அனுப்பினேன்.

சில்லுக்குக் காட்டிய நியாயத்தைப் பள்ளிக்கு நான் காட்டவில்லை.

அந்தக் கடிதம் போன செய்தி கேட்ட வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சிவப்பு மணி 700, வெள்ளை மணி 300 வாங்கி வந்து ஒரு வாளியில் கொட்டிக் கலந்தேன். சிவப்பு என்றால் தேர்ச்சி. அதாவது, எல்லாப் பள்ளியும் ஒரே தரம், எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையானாலும் தேர்ச்சி பெற 70 விழுக்காடு வாய்ப்பு என்று ஒரு கற்பனை உலகம். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு எட்டு மணி எடுப்பாள், எண்ணுவோம், திரும்பப் போட்டுக் குலுக்குவோம். ஒவ்வொரு எட்டும் ஒரு பள்ளி. பன்னிரண்டு தடவை எடுத்தோம். ஒரு தடவை எட்டும் சிவப்பு. "அப்பா, இந்தப் பள்ளிக்குக் கிண்ணம் கொடுத்திடலாமா?" என்றாள். இரண்டு தடவை நாலு சிவப்பு, நாலு வெள்ளை. அதே வாளி, அதே கை.

பிறகு எண்பது எண்பதாக எடுத்துப் பார்த்தோம். எண்பது மணி எண்ணுவது எவ்வளவு அலுப்பு என்பதை மூன்றாவது தடவையில் அவள் கண்டுபிடித்துவிட்டாள், எழுந்து போய்விட்டாள். அந்த மூன்றிலும் சிவப்பு 58, 53, 57. எல்லாம் எழுபது விழுக்காட்டைச் சுற்றியே.

கணக்காகவும் பார்க்கலாம். அந்தக் கற்பனை உலகத்தில் எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளி 100 விழுக்காடு எடுக்க வாய்ப்பு நூற்றில் ஆறு. 50 அல்லது அதற்குக் கீழே விழ வாய்ப்பு நூற்றில் பத்தொன்பது. இப்படிப் பன்னிரண்டு சின்னப் பள்ளிகள் இருந்தால், அதில் ஒன்றாவது நூற்றுக்கு நூறு எடுப்பது பாதிக்குப் பாதி. ஒன்றாவது ஐம்பதுக்குக் கீழோ ஐம்பதிலோ நிற்பது பத்துக்கு ஒன்பது தடவைக்கு மேல் நடக்கும். எண்பது பிள்ளைகள் உள்ள பள்ளி ஐம்பதுக்கு விழுவதோ ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு நூறைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆக, எந்த ஆசிரியரும் சோம்பாமல், எந்தத் தலைமையாசிரியரும் சாதிக்காமல், வாளியைக் குலுக்கினாலே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய பள்ளிகள் நடுவில் கிடக்கும். இதைப் படித்த பிறகு மூன்று ஆண்டுப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அப்படித்தான் இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. பிரான்ஸிலிருந்து மத நெருக்கடியால் லண்டனுக்கு ஓடிப்போன அப்ரகாம் த முவாவ்ர் என்ற கணிதர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு அடிப்படை போட்டார். கோப்பிக்கடையில் உட்கார்ந்து சூதாட்டக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிப் பிழைத்தவர் அவர். (நம் ஊரில் இருந்திருந்தால் நான்கு இலக்க லாட்டரி எண் கேட்டு வரிசை நின்றிருக்கும்.) ஊசலாட்டம் பாதியாகக் குறைய வேண்டும் என்றால் ஆள் எண்ணிக்கை இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்பது அந்தக் கணக்கின் சாரம். எட்டுப் பிள்ளைகளின் விழுக்காடு சும்மாவே 16 புள்ளி மேலும் கீழும் ஆடும். எண்பது பிள்ளைகளுடையது 5 புள்ளி ஆடும்.

ஹாவர்ட் வெய்னர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், மனிதர்களுக்கு அதிகக் கேடு செய்த சமன்பாடு இதுதான் என்று சொல்கிறார். அதாவது, தெரியாமல் போனதால் கேடு. அவர் காட்டும் உதாரணம் சிறுநீரகப் புற்றுநோய். அமெரிக்காவில் அந்த நோய் மிகக் குறைவாக இருக்கிற மாவட்டங்கள் பெரும்பாலும் ஆள் குறைந்த கிராமப்புறங்கள். சுத்தமான காற்று, புதிய காய்கறி என்று காரணம் சொல்லத் தோன்றும். ஆனால் மிக அதிகமாக இருக்கிற மாவட்டங்களும் அதே மாதிரிக் கிராமப்புறங்கள்தான். இப்போது வறுமை, மருத்துவமனை தூரம் என்று வேறு காரணம் தோன்றும். இரண்டு காரணமும் தேவையில்லை, ஆள் குறைவு என்பது ஒன்றே போதும். பள்ளிகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. சிறந்த பள்ளிகளில் சிறிய பள்ளிகள் அதிகம் என்று பார்த்துவிட்டு, அங்கே சில அறக்கட்டளைகள் பெரிய பள்ளிகளை உடைத்துச் சிறியதாக்கப் பெரும் பணம் செலவழித்தன. பென்சில்வேனியா மாநிலத் தரவை வெய்னரும் இன்னொருவரும் எடுத்துப் பார்த்தபோது, கடைசி வரிசையிலும் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இருந்தன. அதை யாரும் முன்பு திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் பரிசுக்குத் தேடுகிறவர் பட்டியலின் மேல் பாதியைத்தான் பார்ப்பார்.

பொருளாளர் ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அப்படியானால் எட்டுப் பேர் போதாதா?" நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் இந்தப் பழமொழியைத்தான் என் தொழிலின் குலதெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா சோறு வடிக்கும்போது நின்று பாருங்கள். முதலில் அகப்பையால் அடியிலிருந்து கிளறுவார், பிறகுதான் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்குவார். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, அதற்கும் மேல் ஒரு கிளறல். இத்தனையும் இருந்தால் பருக்கைக்குப் பருக்கை வித்தியாசம் இல்லை, ஒன்று போதும். கோயில் அன்னதானத்தில் கிடாரத்தில் வடிப்பவர் ஒரு பருக்கையோடு நிறுத்துவதில்லை, நாலைந்து இடத்தில் எடுத்துப் பார்ப்பார். நடுவில் தீ ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகளோ ஒரே அரிசியும் இல்லை, ஒரே தீயும் இல்லை.

அதே நேரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுக்கத் தனித்தனியும் இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை. அந்த வாரம் பள்ளியில் காய்ச்சல் சுற்றினால் நாலு பேருக்குச் சேர்ந்து வரும். பேருந்து தாமதமானால் எட்டுப் பேருக்கும் பதற்றம். அதனால் வாளிக் கணக்கு சொல்வதைவிட உண்மையான ஊசலாட்டம் கூடுதலாகத்தான் இருக்கும். என் கணக்கு குறைத்துச் சொல்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். நம் பேச்சுத் தமிழில் இந்தத் தயக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மார்க்கெட்டில் மீன்காரர் "ஏழெட்டுக் கிலோ நிற்கும்" என்பார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் எவ்வளவு கூட்டம் என்றால் "நிற்க இடமில்லை, ஒரு பத்துப் பதினைந்தாயிரம் பேர் அந்த நேரத்துக்கே இருக்கும்" என்பார்கள். நாலைந்து, ஏழெட்டு, பத்துப் பதினைந்து என்று ஒரு எண்ணுக்குப் பதிலாக ஒரு எல்லையையே சொல்லாக வைத்திருக்கிறோம். கொடிமலைப் பக்கம் கறுத்தால் அம்மா "மழை வந்தாலும் வரும்" என்பார், துணியை உடனே எடுக்க மாட்டார், ஆனால் வாசலில் ஒரு கண் இருக்கும். இப்படிப் பேசுகிற நாமே எக்செலைத் திறந்ததும் 87.5 என்று எழுதுகிறோம். அந்தப் பாயிண்ட் ஐந்து எங்கிருந்து வந்தது? எட்டில் ஏழு. எட்டுப் பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 12.5 புள்ளி. ஒரு சிறுமி முந்தின இரவு பல்வலியில் தூங்கவில்லை என்றால் அந்தப் பள்ளி ஐந்தாறு இடம் கீழே இறங்கும். அந்த 87.5-ஐ மீன்காரர் பாஷையில் சொன்னால் "ஐம்பதுக்கு மேல், தொண்ணூற்றெட்டுக்குள் எங்கேயோ" என்று ஆகும். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் நமக்கு உண்மையில் தெரிந்தது அவ்வளவே.

கிண்ணம் வாங்கிய பள்ளி அடுத்த ஆண்டு இறங்குகிறது என்ற புகாருக்கு வருகிறேன். இது கிண்ணத்தின் சாபம் என்று ஒருவர் சொன்னார், தலைக்கனம் என்று இன்னொருவர். டேனியல் கானமன், 2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய உளவியலாளர், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு அனுபவம் சொல்லியிருக்கிறார். நன்றாக ஓட்டிய பயிற்சி விமானியைப் பாராட்டினால் அடுத்த தடவை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த தடவை நன்றாக ஓட்டுகிறான், ஆகவே திட்டுதான் வேலை செய்கிறது என்று ஒரு மூத்த பயிற்சியாளர் அடித்துச் சொன்னாராம். உண்மையில் பாராட்டும் திட்டும் அங்கே ஒன்றும் செய்யவில்லை. வழக்கத்துக்கு மேலாக ஒரு தடவை அமைந்தால், அடுத்தது வழக்கத்துக்குப் பக்கத்தில்தான் வரும். வழக்கத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான்.

நம் கதையில் இதன் விளைவு கொடுமையானது. எட்டும் சிவப்பாக வந்த பள்ளியைக் கொண்டாடுகிறோம், அடுத்த ஆண்டு அது இறங்குகிறது, ஏமாற்றமடைகிறோம். நாலு சிவப்பு வந்த பள்ளிக்குக் கடிதம் போடுகிறோம், அடுத்த ஆண்டு அது ஏறுகிறது, கடிதம் பலித்தது என்று நினைக்கிறோம். இன்னும் பத்து ஆண்டு இப்படியே நடத்தினால், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களைத் திட்டினால்தான் வேலை நடக்கும் என்று உறுதியாக நம்புகிற ஒரு குழு நமக்குக் கிடைத்துவிடும். அதற்குத் தரவும் கையில் இருக்கும், நான் தயாரித்துக் கொடுத்த தரவு.

யார் சோதனைக்கு வரவில்லை என்பதையும் என் பட்டியல் சொல்லவில்லை. சில பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வந்தன, சில பள்ளிகள் தேறுகிறவர்களை மட்டும். இரண்டையும் ஒரே நிரலில் போட்டேன். நம் நாட்டுக்கே இது நேர்ந்திருக்கிறது. பல நாட்டு மாணவர்களைச் சோதித்து ஒப்பிடும் பீசா ஆய்வில், 2015-ல், முதலில் தேர்ந்தெடுத்த மலேசியப் பள்ளிகளில் பங்கெடுப்பு 51 விழுக்காடுதான் இருந்தது. 85 இருக்க வேண்டும். அதனால் மலேசியாவின் மதிப்பெண்ணை ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியே வைத்தார்கள். அதே பீசா ஒவ்வொரு நாட்டின் சராசரிக்கும் பக்கத்தில் எவ்வளவு பிசகலாம் என்ற எண்ணையும் அச்சிடுகிறது, ஒரு நாட்டின் இடத்தை இத்தனையாவதிலிருந்து இத்தனையாவது வரை என்றும் சொல்கிறது. அவர்கள் ஒரு நாட்டுக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்துவிட்டுத் தயங்குகிறார்கள்.

சரி, அப்படியானால் எதையுமே சொல்ல முடியாதா, எல்லாம் விதியா என்று கேட்பீர்கள். இல்லை. என்னை இந்த மடல் எழுத வைத்ததே இனி சொல்லப் போகிற விஷயம்தான்.

தொழிற்சாலையில் நாங்கள் தினமும் பார்க்கிற வரைபடம் ஒன்று உண்டு. 1924-ல் வால்டர் ஷூவார்ட் என்பவர் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து கொடுத்தது. சராசரிக்கு ஒரு கோடு, அதற்கு மேலும் கீழும் எல்லைக் கோடுகள். எல்லைக்குள் ஆடினால் இயந்திரத்தைத் தொடாதே. வெளியே போனால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடு. இதையே பள்ளிகளுக்கு வரைந்தேன். பிள்ளைகள் குறைவான பள்ளிக்கு எல்லை அகலம், அதிகமான பள்ளிக்குக் குறுகல். படம் ஒரு புனலைப் படுக்க வைத்த மாதிரி வரும்.

போன ஆண்டுப் பட்டியலில் கடைசி மூன்று இடம், 8-ல் 3, 5-ல் 2, 9-ல் 4. மூன்று பள்ளிக்கும் கடிதம் போனது. படத்தில் அந்த மூன்றும் புனலுக்குள்ளேதான் இருந்தன, அகலமான வாய்ப்பக்கம். ஆனால் கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் ஒரு பள்ளி, 60-ல் 29. விழுக்காடு 48. கீழ்க்கோட்டுக்கு வெளியே தன்னந்தனியாகக் கிடந்தது. முந்தின இரண்டு ஆண்டிலும் கோட்டுக்குப் பக்கத்திலேயே தட்டுத் தடுமாறி நின்றிருக்கிறது. வாளியைக் குலுக்கி அந்த எண்ணைக் கொண்டு வருவது மிகக் கடினம், அங்கே உண்மையிலேயே ஏதோ நடக்கிறது. நம் குழு அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியலில் அவர்களுக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்களே, அதனால் தப்பித்தார்கள். தப்பித்தார்கள் என்று சொல்வதும் தவறு. அறுபது பிள்ளைகளுக்கு உதவி தேவைப்பட்ட இடத்தில் நாம் போகவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையா, பாடத்திட்டத்தில் ஒரு பகுதியே நடத்தப்படவில்லையா, கேள்வித்தாளின் மொழி அந்தப் பிள்ளைகளுக்குக் கடினமா என்பதை எண் சொல்லாது. யாராவது பாலம் தாண்டிப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டுக்கு நான் கேட்பது இது. பட்டியலில் விழுக்காட்டைத் தனியாகப் போடாதீர்கள். "8-ல் 7" என்று எழுதுங்கள், வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து. ஓர் ஆண்டைத் தனியாக நிறுத்தாமல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். எட்டு எட்டாக ஐந்து ஆண்டு சேர்ந்தால் நாற்பது, 16 புள்ளி ஆடியது 7 புள்ளியாகக் குறையும். ஐந்து ஆண்டு நமக்கு இன்னும் ஆகவில்லை, அதனால் இருக்கிற ஆண்டுகளைச் சேர்ப்போம்.

கிண்ணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் கணக்கிலும் இருபது கற்பனைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த இருபதில் மாநிலச் சராசரிப்படி 14 பேர் தேர்ச்சி. எட்டுக்கு எட்டு எடுத்த பள்ளி 28-ல் 22, அதாவது 79. எண்பதுக்கு 64 எடுத்த பெரிய பள்ளி 100-ல் 78. பழைய பட்டியலில் ஒன்று நூறு, மற்றது எண்பது. இப்போது இரண்டும் தோளோடு தோள். எட்டுக்கு நாலு எடுத்த பள்ளி 64-க்கு வரும், யாரும் கடிதம் போட மாட்டார்கள். 60-ல் 29 எடுத்த பள்ளி 54 என்று தனியாக அடியில் தெரியும். தெரிய வேண்டியதுதான் தெரிகிறது. இருபது என்பது நான் வைத்த எண். பத்து, முப்பது என்று நீங்கள் வாதாடலாம். போகப் போக நம் தரவிலிருந்தே அதைக் கணித்துக்கொள்ளலாம். குறைவாகத் தெரிந்த இடத்தில் சராசரிக்குப் பக்கத்தில் நில், அதிகம் தெரிந்த இடத்தில் தரவு சொல்வதைக் கேள் என்பதுதான் இதன் உள்ளே இருக்கிற யோசனை.

இதற்கும் மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். உண்மையிலேயே எட்டுப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்கு இது அநியாயம் இல்லையா? ஆமாம், முதல் ஆண்டில் கொஞ்சம் அநியாயம்தான். அந்த ஆசிரியை மூன்று ஆண்டு அப்படியே செய்தால் கணக்கு தானாக அவரை மேலே கொண்டு வரும். அதுவரை அவரை மேடையில் பாராட்டுவதை எந்தப் புள்ளியியலும் தடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துப் பாராட்டுங்கள். பட்டியல் பாராட்ட வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு சின்ன விளையாட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதுவோம்: இந்தப் பள்ளி அந்தப் பள்ளியைவிட அதிகம் எடுக்கும் என்று எனக்கு எத்தனை விழுக்காடு நம்பிக்கை? வெறுமனே ஆம், இல்லை என்று எழுதக் கூடாது, எண் வேண்டும். நம்பிக்கை 90 என்று எழுதுகிறவர் தன் சொந்த 90 ரிங்கிட்டை, எதிர்ப்பக்கத்தின் 10 ரிங்கிட்டுக்கு எதிராக வைக்கத் தயாரா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் போன ஆண்டு தனியாகச் செய்து பார்த்தேன். முந்தின ஆண்டின் முதல் ஐந்து பள்ளிகள் மறுபடி முதல் ஐந்தில் வரும் என்று எழுதி உறையில் போட்டேன். வந்தது ஒன்று.

விளக்கம் கேட்டுப் போன அந்த நான்கு கடிதங்களையும், முதல் ஆண்டுக் கிண்ணப் பள்ளிக்குப் போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "உங்கள் பள்ளியின் ஓர் ஆண்டு எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எங்கள் பட்டியல் தயாரிப்பாளர் தெரிவித்துள்ளார்" என்று இரண்டு வரி போதும். என் பெயரைப் போட்டே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. பிள்ளையை மாற்றலாமா என்று யோசிக்கிற பெற்றோரிடம் நானே போய்ப் பேசவும் தயார்.

புதிய முறையில் மூன்று ஆண்டுத் தரவையும் திரும்பக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் எந்த ஞாயிறு என்று செயலாளர் அம்மா சொன்னால், அரை மணி நேரம் போதும். வாளியையும் மணிகளையும் கொண்டு வருகிறேன். எண்பது எண்ணுவதற்கு மட்டும் யாராவது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும், என் மகள் இனி வர மாட்டாளாம்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து, உங்கள் பட்டியல்காரன்